கித்தாருக்கு ராஜவேஷம்

பாத்திரக்கடைக் கந்தசாமி செட்டியாரின் மூத்த மகன் கோவிந்தராஜ், கோணியில் சுற்றிய ஒரு சாமானைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சிங்கவரம் ரோட்டில் வந்து இறங்கியபோது, அம்மாக்கண்ணு வேப்பமர நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலைப்பருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள் செஞ்சிக்கோட்டை ராஜகிரிப் பாறை காய்ந்து, அங்கிருந்து அடிக்கிற காற்று அடுப்படியிலிருந்து வருவது போல வந்தது. எலெக்‌ஷன் முடிந்து ஆட்சி மாறிய வருஷத்துப் பங்குனி. அரிசி எப்போது மலியும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் கவலை கோணிக்குள் இருந்தது.

"மேஸ்திரி இருக்காரா?"

"உள்ளாறதான் இருக்குது. நெழலுக்கு வாங்க செட்டியாரே."

அவள் புருஷன் இளையபெருமாள் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். கூத்துக்கட்டை செய்கிறவன் அவன். தெருக்கூத்து ஆடுகிறவர்கள் தலையில் வைக்கிற கிரீடம், தோளில் கட்டுகிற புஜக்கட்டை, மாரில் தொங்கவிடுகிற பதக்கம், எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் கட்டை. முள்ளுமுருங்கை மரத்தைக் குடைந்து, புளியங்கொட்டைப் பசை தடவி, ஜிகினாக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்கிற வேலை. போன வருஷம் வரை சுற்றுவட்டாரத்தில் நாலு கூத்து ஜமாவுக்கு அவன்தான் கட்டை செய்தான். இந்த வருஷம் ஒரு ஜமாக்காரனும் அவன் வாசலை மிதிக்கவில்லை. மாட்டுக்கொம்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அது ஏன் என்பது ஊருக்கே தெரிந்த கதை. கோவிந்தராஜுக்குத்தான் தெரியாது. செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் விடிய விடிய முழித்துக் கூத்துப் பார்க்கிறவர்கள் இல்லை.

கோணியைப் பிரித்தார்கள். இடுப்பு சிறுத்து, நீளக் கழுத்தும் ஆறு கம்பியுமாக ஒன்று வெளியே வந்தது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது.

"இது இன்னா, வீணையா?" என்றான் இளையபெருமாள்.

"கித்தாரு மேஸ்திரி. கரண்ட்ல வாசிக்கிறது. விழுப்புரம் ரயில்வே காலனில ஒரு இஞ்சின் டிரைவர் தொரை வச்சிருந்தாரு. அவங்க குடும்பத்தோட ஆஸ்திரேலியா போயிட்டாங்க. போறப்ப எங்கிட்ட தந்துட்டுப் போனாரு."

"கரண்ட்லயா? தொட்டா அடிக்காது?"

"அடிக்காது. ஒயர் சொருவினாத்தான் சத்தமே வரும். இல்லாட்டி வெறும் மரம்."

விஷயம் இதுதான். சித்திரை பத்தாம் தேதி கோவிந்தராஜின் தம்பிக்குக் கல்யாணம். அன்றைக்குச் சாயங்காலம் பஜாரில் பந்தல் போட்டு வரவேற்பு. திண்டிவனத்திலிருந்து மெல்லிசைப் பார்ட்டி வருகிறது, அதில் கோவிந்தராஜும் வாசிக்கிறான். பழைய பெயிண்டை உரித்து, புதிதாக அடித்து, படம் எழுதித் தர வேண்டும். எழுதுகிறவன் செஞ்சியில் வேறு யார்?

இளையபெருமாள் கித்தாரைக் கையில் எடுத்து எடை பார்த்தான். முகர்ந்தான். மாரோடு வைத்துப் பார்த்தான்.

"இத எங்க கட்டுவீங்க?"

"தோள்ல வார் போட்டு இப்பிடி மாட்டிக்கறது."

"நின்னுக்கினா, உக்காந்துக்கினா?"

"நின்னுக்கிட்டுத்தான். கொஞ்சம் ஆடிக்கிட்டும்."

"அப்ப இது கட்டைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான் இளையபெருமாள். "ஒடம்புல கட்டிக்கினு சபையில ஆடுறதெல்லாம் கட்டைதான் செட்டியாரே. எந்த வேசம்?"

"வேசமா?"

"பச்சைன்னா கிருஷ்ணன். செவப்புன்னா துரியோதனன். வேசம் தெரியாம கலர எப்பிடிக் கலக்கறது?"

கோவிந்தராஜ் அம்மாக்கண்ணுவைப் பார்த்தான். அவள் மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜா மாதிரி இருக்கட்டும் மேஸ்திரி" என்றான் கடைசியில்.

"அது போதும்" என்றான் இளையபெருமாள். அவன் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்ததை அம்மாக்கண்ணு கவனித்தாள். கவனித்து, பயந்தாள்.

பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் வைகாசி. கிழக்கே ஓர் ஊரில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா, கடைசி நாள் படுகளம், துரியோதனன் சாகிற கூத்து. காலை ஒன்பது மணி வெயில். கோயில் முன்னால் மண்ணால் செய்த துரியோதனன் முப்பதடி நீளத்துக்குப் படுத்துக் கிடக்க, அதன்மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தான் வேஷம் கட்டிய துரியோதனன். கட்டியவன் பச்சைமுத்து, அம்மாக்கண்ணுவின் உடன்பிறந்த தம்பி. பிழைப்புக்குப் பந்தல் போடுகிறவன், சித்திரை வைகாசியில் ராஜா. பீமன் இன்னும் கதாயுதத்தை ஓங்கக்கூட இல்லை. பச்சைமுத்துவின் தலையில் இருந்த கிரீடம் நடுவில் பிளந்து, மேல்பாதி அவன் காலடியில் விழுந்து உருண்டது. தலைத்துணியோடு நின்றான் துரியோதனன். படுகளத்தில் ஜனங்கள் சிரிக்கக்கூடாது, அழ வேண்டும். அன்றைக்கு அழுவதற்கென்றே முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஜமா கூடிக் கேட்டது. "கட்டை நல்ல கட்டை. கட்டினவன் கயித்த முறுக்கிட்டான்" என்றான் இளையபெருமாள். "பதினஞ்சு வருசமா கட்டறேன் மாமா, எனக்குக் கட்டத் தெரியாதா?" என்று கேட்டான் பச்சைமுத்து. அதற்கு இளையபெருமாள் வானத்தைப் பார்த்தான். பச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான், அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. பொங்கலுக்குத் தாய்வீட்டு வரிசையும் வரவில்லை.

அம்மாக்கண்ணுவுக்கு உண்மை தெரியும். கிரீடத்துக்கு எடுத்த மரத்தில் புழு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. வேறு மரம் வெட்ட நாள் இல்லை. இளையபெருமாள் அதில் பசையை வைத்து அடைத்து, மேலே கண்ணாடிச் சில்லை ஒட்டினான். பசை அரைத்துக் கொடுத்தவள் அவள்தான். "தாங்குமா?" என்று கேட்டவளும் அவள்தான். "தாங்கும்" என்றான். ஜமா கேட்டபோது அவளும் அங்கே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. புருஷன் பக்கம் பேசவில்லையே என்று அவளே தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்ததுண்டு. பேசாமல் இருந்ததும் புருஷன் பக்கம்தான் என்பது அவளுக்கே தெரியும். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓட்டை என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. கூரை ஒழுகினால்கூட "மழ உள்ள வருது" என்றுதான் சொன்னார்கள்.

இதெல்லாம் பெரியவர்கள் சண்டை என்று விடலாம். மகள் சாமுண்டீஸ்வரி இருந்தாளே. வருகிற ஆடிக்கு ஆறு வயது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன்தான் வருவதில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்து, "இன்னாடி இது, பொட்டப்புள்ள காது மொழுக்குனு இருக்குது" என்பாள்.

"ஒங்க பெரியப்பன் மவன் ஒருத்தன் இருக்கான்ல. அவன் மடியில வச்சிக் குத்திடு" என்றான் இளையபெருமாள் ஒருநாள், களி தின்றுகொண்டே.

"எந்தம்பி உசுரோட இருக்கும்போது எம்புள்ளைக்கு வேற மடியா?" என்றாள் அம்மாக்கண்ணு. "அவன் வந்தா குத்தறேன். வராட்டி இப்பிடியே கெடக்கட்டும்."

அவன் முருங்கைக்கீரைக் குழம்பை வழித்து நக்கிவிட்டு எழுந்து போனான்.

கித்தார் வேலை மறுநாள் ஆரம்பித்தது. கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருட்டிக் காகிதத்தில் மடித்தான். முகப்பில் இருந்த வெள்ளைத் தகட்டைத் திருகாணி கழற்றி எடுத்தபோது, அடியில் ஒயர்களும் காந்தக் கட்டைகளும் குடல் போலக் கிடந்தன. அதையெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தொடுவது போலத் தொட்டான். பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் பழைய பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தான். மஞ்சளுக்குக் கீழே ஒரு நீலம். நீலத்துக்குக் கீழே ஒரு கறுப்பு. "தொரை மாத்தி மாத்தி வேசம் போட்டிருக்கான்" என்றான். மூன்று நாள் சுரண்டல், இரண்டு நாள் உப்புத்தாள். நாலாம் நாளிலிருந்து சோற்றில் பெயிண்ட் தூள் விழுகிறது என்று சாமுண்டி அழுதாள்.

அம்மாக்கண்ணு புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, அம்மியில் அரைத்தாள். அந்த வாசனை வீட்டில் வந்து ஒரு வருஷமாகிறது. பசையைக் கிளறும்போது கை தானாகப் பழைய பதத்துக்கு வந்து நின்றது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு வேடிக்கை. மெருகுக்கு அரக்கை ஊறவைக்க ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்குக் காலம். இளையபெருமாள் திண்டிவனம் போய் ஒரு பாட்டில் வாங்கி, துண்டில் மறைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தான். மறைத்ததுதான் தப்பு. சாயங்காலமே ஒரு போலீஸ்காரர் வந்து பாட்டிலை முகர்ந்து, கித்தாரை முகர்ந்து, கடைசியில் இளையபெருமாளின் வாயையும் முகர்ந்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு போனார்.

சுரண்டி முடித்த மரம் வெளுப்பாக, ரேகை ரேகையாக இருந்தது. இளையபெருமாள் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். பழைய ஆணி போன இடங்கள், ஒரு சின்ன வெடிப்பு, எல்லாவற்றையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தான். காயவைத்தான், தேய்த்தான், விரலால் தடவினான், மறுபடி தேய்த்தான்.

கித்தாரின் விலாப்பக்கத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதில் துருப்பிடித்த ஒரு குழலும் அதை இறுக்கி வைத்த நட்டும். நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குழலை உள்ளே தள்ளி, ஒயரோடு சேர்த்துத் துணியில் சுற்றிக் கட்டினான். முள்ளுமுருங்கைக் குச்சியை அளவாகச் சீவி, பசை தோய்த்து, அந்தத் துளையில் வைத்துத் தட்டினான்.

முறத்தில் புளியங்கொட்டைத் தோல் புடைத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு நிறுத்தினாள்.

"அங்க ஒரு கொழலு இருந்துச்சே."

"துரு புடிச்சது. உள்ளாற தள்ளிட்டேன்."

"அதுலேர்ந்துதான ஒயரு போவுது?"

"ஒயரு பத்திரமா இருக்குது. ஒண்ணும் அறுக்கல."

"செட்டியார ஒரு வார்த்த கேட்டுட்டு..."

இளையபெருமாள் சுத்தியைக் கீழே வைத்தான். "இன்னா கேக்கணும்? பக்கவாட்டுல இப்பிடி ஒண்ண வச்சிக்கினு எந்த மரமாச்சும் தாங்குமா? சபையில ஆடும்போது பொளந்துக்கினா யாரு பதில் சொல்றது? எங்கையால போற கட்டையில இனிமே அது இருக்காது."

எது இருக்காது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒயர் சொருகினால்தான் சத்தம் வரும் என்று கோவிந்தராஜ் சொன்னது அவள் காதில் இருந்தது. எங்கே சொருகுவான்? கேட்டால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னால் கிரீடத்தைச் சொன்னது போலாகும். சாயங்காலம் கூட்டும்போது குப்பையில் கிடந்த நட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து குளிக்கும்போதும் சேலை மாற்றும்போதும் அந்த முடிச்சு அவளோடு இடம் மாறிக்கொண்டே இருந்தது.

பிறகு நடந்த வேலையைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு ஏழு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. வெள்ளைத் தகட்டைச் சுற்றிச் சூரியச் சக்கரம். சக்கரத்துக்கு வெளியே, ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு போகிற கிளிவரிசை. ஓரம் முழுக்க அரிசி அளவுக் கண்ணாடிச் சில்லுகள். விலாவில் அடைத்த இடத்தின்மேல் மட்டும் எட்டணா அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. கழுத்தின் உச்சியில் யாளி முகம். எல்லாவற்றுக்கும் மேலே அரக்கு மெருகு. வெயிலில் தூக்கிப் பிடித்தால் எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் ஓடியது.

அம்மாக்கண்ணு கிளிவரிசையை எண்ணினாள். பதினெட்டு.

"இது தம்பி கிரீடத்து வேலையாச்சே" என்றாள்.

"கையில இருக்கறதுதான வரும்" என்றான் அவன், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

அவளுக்குப் புரிந்தது. கந்தசாமி செட்டியார் வீட்டுப் பந்தல் என்றால் பச்சைமுத்துதான் போடுவான். இந்தக் கித்தார் அவன் கண்ணில் படும். தப்பு என்று சொல்ல வாய் வராத மனுஷன், உடைந்துபோன கிரீடத்தைக் கிளி பிசகாமல் எழுதி அனுப்புகிறான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு ஏழு பூச்சு அடிக்கிறானே.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. மெருகு காயவில்லை. கோவிந்தராஜ் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். "பெசுபெசுன்னு இருக்குது, அன்னிக்கு நேரா பந்தலுக்கே எடுத்தாறேன்" என்று சொல்லியனுப்பினான் இளையபெருமாள்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து அம்மாக்கண்ணு செட்டியார் வீட்டில்தான் இருந்தாள். பாத்திரம் துலக்க நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். சாமுண்டியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். மத்தியானம் சோறு போடும்போது பச்சைமுத்துவைத் தூரத்தில் பார்த்தாள். பந்தக்கால் மேல் ஏணி சாய்த்து, தோரணக் காகிதத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவனும் பார்த்தான், சணலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சாமுண்டி மட்டும் ஏணிக்குக் கீழே போய் நின்று, "மாமா" என்றாள். "கீழ நிக்காத, கத்தி கித்தி உளும்" என்றான் அவன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்கா குடும்பத்தோடு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஐந்து மணிக்கு இளையபெருமாள் கித்தாரோடு வந்தான். துணி விலக்கியதும் பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். திண்டிவனத்து அக்கார்டியன்காரர், "மெட்ராஸ்ல கூட இப்பிடிப் பார்த்ததில்லீங்க" என்றார். கந்தசாமி செட்டியார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, சாமி பொறப்பாடு மாதிரி இருக்குது" என்றார். கோவிந்தராஜ் கிளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கம்பிகளைப் பூட்டினார்கள். வாரை மாட்டினார்கள். பந்தல் வெளிச்சத்தில் பதினெட்டு கிளியும் மின்னின.

ஏணிமேல் இருந்த பச்சைமுத்து கையிலிருந்த தோரணத்தை விட்டுவிட்டுக் கித்தாரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறான் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கோவிந்தராஜ் மைக்செட்டிலிருந்து வந்த ஒயரை எடுத்தான். அதன் முனையில் பித்தளைக் குச்சி. கித்தாரின் விலாவைத் தடவினான். திருப்பினான். அந்தப் பக்கமும் தடவினான். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கித்தாரைச் சுற்றிச் சுற்றித் தேடினான்.

"மேஸ்திரி, இங்க ஓட்டை இருந்துச்சே, எங்க?"

இளையபெருமாள் தோளில் மாட்டியிருந்த ஆயுதப் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி, இத சொருவற ஓட்டை!"

மைக்செட்டின் உறுமல் மட்டும் கேட்டது. "இன்னா தாமசம்?" என்றார் செட்டியார் நாற்காலியிலிருந்து. பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்கும் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். ஈரக் கையோடு பாத்திரத்தை விட்டு எழுந்து பந்தல் ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

"நீங்க குடுக்கும்போதே..." என்று ஆரம்பித்தான் இளையபெருமாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியுமா?

கண்ணைத் திறந்தபோது அவன் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். வானத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, மேலே கீற்று. கீற்றுக்குக் கீழே ஏணியில் பச்சைமுத்து.

"இல்ல செட்டியாரே. நாந்தான் அடைச்சேன்."

"ஏன்?"

"ஓட்டைய கண்டா எனக்கு பயம். போன வருசம் ஒரு கிரீடத்துல புழு தின்ன ஓட்டை இருந்துச்சு. தெரிஞ்சேதான் பசைய வச்சி மூடி, மேல கண்ணாடி ஒட்டினேன். படுகளத்துல பொளந்துக்கிச்சி. கட்டினவன் மேல பழி போட்டேன். அவன் ஒழுங்காத்தான் கட்டினான். தப்பு எம்மேலதான்."

கோவிந்தராஜ் இதில் ஒரு வார்த்தையும் புரியாமல் அவனைப் பார்த்தான். எந்தக் கிரீடம், யார் கட்டினது, கல்யாணப் பந்தலில் இந்த ஆள் எதைப் பேசுகிறான்? "அதெல்லாம் இருக்கட்டும் மேஸ்திரி, இப்ப நான் இத எங்க சொருவறது?" என்றான் அழுகிற குரலில்.

"கொண்டாங்க" என்றான் இளையபெருமாள். பையிலிருந்து துரப்பணத்தை எடுத்தான். கித்தாரை மணையில் வைத்தால் மெருகு போய்விடும். நிற்க வைத்தால் ஆடும். பிடித்துக்கொள்ள யாராவது வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தான்.

ஏணி கிறீச்சிட்டது. பச்சைமுத்து இறங்கி வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. துண்டை மடியில் விரித்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கித்தாரை வாங்கி மடியில் சாய்த்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான்.

"குத்து மாமா" என்றான்.

இளையபெருமாள் குனிந்தான். வட்டக் கண்ணாடியை உளிமுனையால் தட்டினான். அது நாலாகப் பிளந்து பச்சைமுத்துவின் துண்டில் விழுந்தது. துரப்பணத்தை வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். முள்ளுமுருங்கை இளமரம், வெண்ணெய் போல விட்டுக்கொடுத்தது. வெள்ளைத் தூள் சுருள் சுருளாக வந்து ராஜவேஷத்தின்மேல் கொட்டியது. பிறகு தகட்டைக் கழற்றி, துணியைப் பிரித்து, குழலை இழுத்துத் துளைக்கு வெளியே கொண்டுவந்தான். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. இறுக்குவதற்கு நட்டு இல்லை. விட்டால் குழல் உள்ளே விழுந்துவிடும். அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மாக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. நட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

இளையபெருமாள் நட்டையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"தெரிஞ்சிக்கினே வச்சிருந்தியா?"

"தெரிஞ்சிக்கினேதான்" என்றாள். அது தம்பிக்கும் சேர்த்துச் சொன்ன பதில். பச்சைமுத்துவுக்குக் கேட்டிருக்கும். அவன் தலையைத் தூக்கவில்லை.

நட்டு இறுகியது. தகடு ஏறியது. கோவிந்தராஜ் குச்சியைச் சொருகினான். மைக்செட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். அவன் விரல் கம்பியில் பட்டதும் பந்தல் முழுக்க ஒரு நாதம் பரவி, பஜார் கடைகளின் தகரத்திலெல்லாம் மோதித் திரும்பி வந்தது. பாத்திரக்கடைக்குள் அடுக்கியிருந்த பித்தளைக் குடங்கள்கூட லேசாக முனகின என்று பிறகு சொன்னார்கள். செட்டியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இளையபெருமாள் கையில் துரப்பணத்தோடு, தான் போட்ட துளையையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடி உடைந்த இடம் பல் போன வாய் மாதிரி இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டு நடக்கும்போது அம்மாக்கண்ணு கொல்லைப்பக்கம் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பச்சைமுத்து வந்து நின்றான். தோளில் சாமுண்டி, கையில் கல்யாண வீட்டு லட்டு.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல நீ" என்றான்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். சாம்பல் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரியானது. "வாய் வரலடா. நெனச்சி நெனச்சிப் பாக்காத நாளில்ல."

அவன் குழந்தையின் காதை விரலால் மடக்கிப் பார்த்தான்.

"எத்தினி வயசாவுது இதுக்கு?"

"ஆடி வந்தா ஆறு."

"ஆறு வயசுக் கழுதைய மடியில வச்சா என் தொடை என்னாவுறது?" என்றான். "வைகாசி அமாவாசைக்கு மலையனூர் போயி மொட்ட அடிச்சி குத்திடலாம். வரிசை நான் கொண்டாறேன். ஆசாரிக்கு நீயே ஆள் அனுப்பு."

"உங்க மாமாகிட்ட சொல்றேன்."

"சொல்லு." பச்சைமுத்து திரும்பிப் பந்தல் பக்கம் பார்த்தான். இளையபெருமாள் இன்னும் அந்த இடத்திலேயே, ஆயுதப் பையைக்கூடக் கட்டாமல் நின்றுகொண்டிருந்தான். "ஆனா அன்னிக்கு அந்தத் துரப்பணத்த வூட்டுல வச்சி பூட்டிட்டு வரச்சொல்லு. இன்னிக்கு இருக்கற ஜோருக்கு, ஆசாரி வேணாம், நானே போடறேன்னு கெளம்பிடப் போறாரு."

அம்மாக்கண்ணு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாமுண்டி மாமன் தோளிலிருந்து ஒன்றும் புரியாமல் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.